கொடைக்கானல் குளிரில் ஃபலனாப்சிஸ்: ஓர் அலமாரி, ஒரு ஹீட்டர், கொஞ்சம் வத்தலக்குண்டு வெயில்

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கண்ணாடி அலமாரி நிற்கிறது. அதற்குள் இருக்கும் நான்கு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகளில் மூன்று இந்த மார்ச்சில் பூத்திருக்கின்றன. வெள்ளைச் செடியில் ஒன்பது பூக்கள்; அளவுகோலை வைத்துப் பார்த்தேன், பெரிய பூ ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம். இளஞ்சிவப்பில் ஏழு. மஞ்சளில் ஐந்து விரிந்து, இரண்டு இன்னும் மொட்டாக இருக்கின்றன. நர்சரியில் இருந்து பூவோடு வந்த தண்டுகள் எப்போதோ காய்ந்துபோயின. இப்போது பூத்திருப்பவை இங்கேயே தண்டு விட்டு, இங்கேயே மொட்டுக் கட்டி விரிந்தவை. மலையில் இந்தச் செடியைப் பரிசாகப் பெறும் பலர், முதல் பூ உதிர்ந்ததும் குப்பைக்குழியில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை என்பதால் செய்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கொடைக்கானல் குளிர் ஊர், ஆர்க்கிட் குளிரில் வளரும், அதனால் சும்மா வைத்தாலே பூக்கும் என்று சொல்பவர்கள் இங்கே அதிகம். அவர்கள் மனதில் இருப்பது சோலை மரங்களில் பாசியோடு ஒட்டிக்கொண்டு மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும் காட்டு ஆர்க்கிட்டுகள். அவை இந்த மலையின் பிள்ளைகள். அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். தவிர, அவை மரத்தில் இருக்கும்போதுதான் அழகு. பார்க்க ஆசைப்படுபவர்கள் செண்பகனூர் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். ஃபலனாப்சிஸின் ஊர் வேறு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பக்கத்துத் தாழ்வான மழைக்காடுகளில் மரக்கிளை நிழலில் வளர்ந்தவற்றின் வழிவந்தவைதான் நாம் கடையில் வாங்கும் கலப்பினங்கள். வருடம் முழுக்க வெதுவெதுப்பான காற்றில் பழகிய குடும்பம் அது.

இந்தச் செடிக்கு இரண்டு தேவைகள் உண்டு. இலை நன்றாக வளர 28 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் நீடித்தால் இலை மட்டும்தான் வரும், பூத்தண்டு வராது. தண்டு கிளம்ப 17 முதல் 25 டிகிரிக்குள் சில வாரங்கள் இருக்க வேண்டும். மதுரையில் வளர்ப்பவருக்குக் குளிர் கிடைப்பதில்லை. நமக்கோ அது வேண்டிய அளவுக்கு மேல் கிடைக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே போனால் செடி வளர்வதை நிறுத்திவிடும். 10-ஐ நெருங்கினால் இலைக்குள் திசுவே செத்துப்போகும். ஆகவே மலைக்காரர் வேலை குளிரைத் தேடுவது அல்ல, வெப்பத்தைத் தேடுவது. இலை வளரும் பருவத்துக்கு ஒரு வெப்பம், தண்டு வந்த பிறகு இரவைக் கடத்த ஒரு வெப்பம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின.

ஜன்னல் ஓரம்

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். செடி ஒன்று 480 ரூபாய் வீதம் நான்கு வாங்கி, கிழக்குப் பார்த்த ஜன்னல் திண்டில் வைத்தேன். டிசம்பரில் பூக்கள் நன்றாகவே நின்றன. ஜனவரியில் ஏரியை ஒட்டி, ஜிம்கானா பக்கமெல்லாம் உறைபனி படிந்த வாரத்தில் ஜன்னல் திண்டில் தெர்மாமீட்டர் காலை ஆறு மணிக்கு 9 டிகிரி காட்டியது. செடி அன்றைக்கு வாடவில்லை. அதனால் தாங்கிக்கொண்டது என்று நினைத்தேன்.

சேதம் மாசி பிறந்த பிறகு வெளியே தெரிந்தது. இலையின் மேற்பரப்பில் சிறு சிறு பள்ளங்கள். விரலால் தடவினால் கட்டைவிரல் அழுத்திய களிமண் போல உள்வாங்கி இருந்தது. சில வாரங்களில் பள்ளங்கள் பழுப்பாகிக் கறுத்தன. பூஞ்சை என்று எண்ணி மருந்து தெளித்தேன். பயனில்லை, ஏனென்றால் நோய் எதுவும் இல்லை. குளிர் தாக்கியதற்கும் அடையாளம் தெரிவதற்கும் இடையே பல வாரங்கள் போய்விடுகின்றன. இலையில் பள்ளம் பார்ப்பவர்கள் மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு மாதம் பின்னோக்கிப் போய் அந்த இரவுகளின் வெப்பநிலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சேதம் குருத்தில். குழாய்த் தண்ணீரை அப்படியே மேலிருந்து ஊற்றினால் இலைகள் கூடும் நடுக்குழியில் தண்ணீர் தேங்கும். கீழே சமவெளியில் பரவாயில்லை, மதியத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே மூடுபனி இறங்கிய நாளில் மறுநாள் காலை வரை அப்படியே நிற்கும். மஞ்சள் செடியின் குருத்து அழுகத் தொடங்கியது. பஞ்சால் ஒற்றி எடுத்து, அழுகிய நுனியைச் சூடுகாட்டிய பிளேடால் நறுக்கி, சமையலுக்கு வைத்திருந்த பட்டையைப் பொடித்துத் தூவினேன். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தண்ணீர் காலை பத்து மணிக்குத்தான், சட்டியின் ஓரமாக மட்டும்தான், அதுவும் கைக்கு வெதுவெதுப்பாக 25 டிகிரி அளவில்.

சட்டியும் கலவையும்

நர்சரிச் செடிகள் ஈரப்பாசியை இறுக்கமாக அடைத்த பிளாஸ்டிக் கோப்பையில் வருகின்றன. வெப்பக் குடிலில் அது சரி. கொடைக்கானலில் அந்தப் பாசி மேலே காய்ந்து நடுவில் சேறாகவே இருக்கும். ஏப்ரலில் நான்கையும் கவிழ்த்துப் பார்த்தேன். வெளி வேர்கள் நல்ல வெள்ளி நிறம். நடுவில் இருந்தவை பழுப்பு நூலாக, இழுத்தால் உறை கழன்று வந்தன. அழுகியதை எல்லாம் வெட்டிவிட்டு வேறு கலவைக்கு மாற்றினேன்.

மூன்று பங்கு பைன் பட்டை, ஒரு பங்கு அடுப்புக்கரி, ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு. பைன் பட்டை மரக்கடையில் சீவிப் போட்ட கழிவு. கேட்டால் சாக்கில் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, பிசின் போகக் கொதிக்க வைத்து வடித்தேன். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வாரம் ஊற வைத்தேன். கரித்தூள் உள்ளே போகாமல் சலித்துக்கொள்ள வேண்டும், தூள் இருந்தால் அடியில் அடைத்துக்கொள்ளும். இந்தக் கலவை இங்கே ஏழெட்டு நாளில் காய்கிறது. பாசியில் மூன்று வாரம் ஆனாலும் காயாது.

சட்டி விஷயத்தில் ஒரு அளவீடு எனக்குப் பெரிய பாடம். ஆர்க்கிட்டுக்குப் பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்சட்டிதான் சிறந்தது என்று கேள்விப்பட்டு இரண்டை அதில் வைத்தேன், இரண்டைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சட்டியில். ஒரே அறையில், ஒரே வேளையில், கலவைக்குள் தெர்மாமீட்டர் முனையைச் செருகிப் பார்த்தால் மண்சட்டி 2 டிகிரி குறைவாகக் காட்டியது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும்: சட்டிச் சுவர் ஈரத்தை ஆவியாக்கி வேரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கீழ்நாட்டில் அது நன்மை. இங்கே ஒவ்வொரு டிகிரியையும் காசு கொடுத்து வாங்குகிறோம். நான்கையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டேன். வேர் வெளியே தெரிவது இன்னொரு வசதி: வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளியாக மாறினால் தண்ணீர் ஊற்றலாம்.

அலமாரி

பழைய சாமான் கடையில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஷோகேஸ் அலமாரி கிடைத்தது. மூன்றடி அகலம், நான்கடி உயரம், ஒன்றேகால் அடி ஆழம். முன்புறம் இரண்டு கண்ணாடிக் கதவு, மற்ற பக்கமெல்லாம் பிளைவுட். முதுகிலும் பக்கங்களிலும் மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஒட்டி, கதவு விளிம்பில் ஃபோம் டேப் ஓட்டினேன். இரண்டுக்கும் 380 ரூபாய்.

சூட்டுக்கு முதலில் போட்டது 60 வாட் குண்டு பல்பு. கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல் போதும் என்று நினைத்தேன். சூடு வந்தது. ஆனால் இரவெல்லாம் வெளிச்சம். அதோடு உள்ளே ஈரப்பதம் 38 சதவீதத்துக்கு இறங்கி இலைகள் தொய்ந்துபோயின. பல்பை எடுத்துவிட்டு, குஞ்சு பொரிப்பான் விற்பவர்களிடம் கிடைக்கும் 60 வாட் செராமிக் ஹீட்டர் பல்பு வாங்கினேன். வெளிச்சமே வராது, சூடு மட்டும். பீங்கான் ஹோல்டருடன் 440 ரூபாய். அடித்தட்டில் வைத்து, இலையோ வேரோ தொடாதபடி மேலே கம்பிவலை போட்டேன். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் வைத்ததும் ஈரப்பதம் 65-க்கு ஏறி நின்றது.

ஹீட்டரை ஏற்றி இறக்க ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட், 550 ரூபாய். 17 டிகிரி வைத்தேன், 16.5-ல் எரிந்து 17.5-ல் அணையும். அதன் சென்சாரை எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கம்பிவலை ஓரமாகக் கட்டியபோது, ஹீட்டர் சீக்கிரம் அணைந்துகொண்டே இருந்தது, மேல்தட்டில் 14. சட்டி உயரத்துக்கு, இலைக்கு நடுவே தொங்கவிட்ட பிறகுதான் தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணும் செடிக்குக் கிடைக்கும் சூடும் ஒன்றாயின. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன மின்விசிறி ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி, பழைய அடாப்டரில் இணைத்து, சுவரைப் பார்த்து ஓடவிட்டேன். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது.

தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இதில் விளையாட்டே கூடாது. வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். நான் ஒருநாளும் அலமாரிக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதில்லை. சட்டிகளை வெளியே எடுத்து, ஊற்றி, வடிய விட்டு, அடியைத் துடைத்துத்தான் திரும்ப வைக்கிறேன்.

வெளிச்சத்துக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு, 440 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி ஜன்னலை மூடிவிடும். செல்போன் செயலியில் அளந்தால் 1,500 லக்ஸ்கூட இருக்காது. ஃபலனாப்சிஸ் நிழல் விரும்பிதான், ஆனாலும் எட்டாயிரம் லக்ஸாவது இருந்தால்தான் தண்டு தடிமனாக வருகிறது. டியூபை இலைக்கு ஓரடி மேலே கட்டி, காலை ஏழு முதல் மாலை ஆறு வரை எரியவிடுகிறேன். இந்த 40 வாட்டே பகலில் அலமாரியைச் சூடாக்கிவிடுகிறது: அறை 17 டிகிரியாக இருக்கும்போது உள்ளே 22, 23. பகலில் ஹீட்டருக்கு வேலையே இல்லை.

இரவில் கண்ணாடி வழியாகத்தான் சூடு ஓடுகிறது. அறை 11 டிகிரிக்கு இறங்கிய ஓர் இரவு, ஹீட்டர் ஏறக்குறைய அணையவே இல்லை. மறுநாள் கண்ணாடிக்கு மேல் பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகப் போட்டேன். பாதி நேரம் எரிந்தால் போதும் என்றாகிவிட்டது. ஈரப்பதமானி 280 ரூபாயையும் சேர்த்தால் அலமாரிக்கு மொத்தம் 3,640 ரூபாய். மின்சாரம் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், மாதம் சுமார் 25 யூனிட்.

கரண்ட் போவதுதான் கவலை. வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மரம் விழுந்தால் இரவு முழுக்க இருட்டுதான். இன்வெர்ட்டர் வாங்கும் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து லிட்டர் வெந்நீர் 60 டிகிரியிலிருந்து 20-க்கு ஆறும்போது கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டை வெளியே விடுகிறது. அது எங்கள் ஹீட்டர் அரை இரவில் கொடுக்கும் அளவு. இப்போது எவர்சில்வர் தூக்குகள் இரண்டு தயாராக இருக்கின்றன. கரண்ட் போனால் கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, மூடியை இறுக்கி, கம்பிவலைக்கு இரு பக்கமும் வைத்துக் கம்பளியைப் போர்த்திவிடுவேன். அப்படி ஓர் இரவில் விடியும்போது உள்ளே 15 டிகிரி இருந்தது.

வாழைத்தார்

அலமாரி வந்த குளிர்காலத்தில் இலைகளில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. வெள்ளைச் செடி மட்டும் ஒரு தண்டு விட்டது. ஆறு மொட்டுகள், பட்டாணி அளவுக்கு வந்தன. பொங்கலுக்கு முன் மச்சான் தாண்டிக்குடியிலிருந்து ஒரு மலைவாழைத் தார் கொண்டுவந்தார். குளிரில் பழுக்க நாளாகும் என்று, வீட்டிலேயே கதகதப்பான இடமான முன்னறையில், சாக்கால் மூடி அலமாரிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டோம். ஜன்னலும் சாத்தியிருந்தது.

தார் மணக்கத் தொடங்கிய வாரத்தில் தண்டின் நுனி மொட்டு மஞ்சளானது. பிறகு அதற்குக் கீழே இருந்தது. தொட்டால் ரப்பர் போல நெகிழ்ந்து, காம்போடு கழன்று கையில் விழுந்தது. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, காற்று பட்டதா என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஆறும் உதிர்ந்தன.

மலையடிவாரத்து வத்தலக்குண்டில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். அவர்கள் வீட்டில் தலைமுறையாக மல்லிகை போடுகிறார்கள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போவது அவர்களுக்கு அன்றாட வேலை. நான் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டாள்: "தம்பி, அந்த அறையில் பழம் ஏதாவது பழுக்கிறதா?"

"வாழைத்தார் இருக்கிறது, அக்கா."

"முதலில் அதை வெளியே எடு. வாழை மண்டிப் பக்கம் நாங்கள் பூ மூட்டையை இறக்கவே மாட்டோம். காலையில் கட்டிய மொட்டு மதியத்துக்குள் சோர்ந்துவிடும்."

பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடுகிறது. ஃபலனாப்சிஸ் மொட்டுக்கு அது மிகக் குறைந்த அளவிலேயே விஷம். குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திவைக்கும் மலை வீடுகளில் அது வெளியேற வழியே இல்லை; அலமாரி விசிறி வேறு அதை உள்ளே இழுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழைத்தார் தொங்காத வீடு பழனி மலையில் குறைவு. பேரிக்காய், பிளம்ஸ் காலத்தில் கூடை கூடையாக வீட்டுக்குள் இருக்கும். மொட்டுக் கட்டிய செடி ஒரு அறை, பழம் வேறு அறை. நடுவில் ஒரு கதவாவது சாத்தியிருக்க வேண்டும்.

வத்தலக்குண்டு

மற்ற மூன்று செடிகள் தண்டே விடாததற்குக் காரணம் இலை. ஒரு வருடத்தில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு புதிய இலையைத்தான் விட்டிருந்தது, அதுவும் 11 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. பழைய இலைகள் 18, 19. பகல் 22 டிகிரியில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கோடையில் அலமாரியை 28 டிகிரிக்கு ஏற்றி வைத்திருக்கலாம், ஆனால் நாளெல்லாம் ஹீட்டர் ஓட வேண்டும்.

தைவானில் குளிரூட்டிய குடில்கள் பரவும் முன்பு, சமவெளியில் இலை வளர்த்த செடிகளை மலைக்கு ஏற்றித்தான் தண்டு வரவழைத்தார்கள். அந்த மலையும் சமவெளியும் நமக்கும் இருக்கின்றன, நடுவே ஒரு பஸ் டிக்கெட்தான். மே மாதம் நான்கு செடிகளையும் பேரிக்காய்ப் பெட்டியில் வைத்து, சட்டிக்கும் சட்டிக்கும் இடையே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கலவையைக் காய விட்டுத்தான் எடுத்துப் போனேன். ஈரமாக இருந்தால் காட்ரோடு வளைவுகளில் சட்டியோடு சாய்ந்து குருத்தில் தண்ணீர் ஏறும்.

அக்கா வீட்டில் வடக்குப் பார்த்த தாழ்வாரம், எதிரே மாமரம். பகல் 36, 37 டிகிரி. முதல் வாரத்தில் மேற்கு வெயில் ஓரமாக விழுந்து இளஞ்சிவப்புச் செடியின் ஒரு இலை வெளுத்துக் கருகியது. இடத்தை உள்ளே தள்ளியதும் சரியானது. அங்கே தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை தேவைப்பட்டது. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. இடையில் ஒருமுறை வெறும் தண்ணீரால் கலவையை நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் வேர் நுனியில் உப்புப் படியும். அக்காவுக்குச் சொன்னது இவ்வளவுதான். மல்லிகைக் கைக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்த்தபோது மூன்று செடிகளிலும் இரண்டிரண்டு புதிய இலைகள். பெரியது 21 சென்டிமீட்டர், விரலுக்கு விறைப்பாக, அடிப்பக்கம் லேசான ஊதா நிறம் ஓடியிருந்தது. வேர்கள் சட்டியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தன. நான்காவதான ஊதா நிறச் செடிக்கு மட்டும் மொத்தமே மூன்று இலை. முந்தைய வருடம் வேரில் பாதியை இழந்தது அதுதான்.

தண்டு

மலைக்கு ஏறியதும் நேராக அலமாரிக்குள். இரவு 17, பகல் 22 முதல் 23. உரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில், வெள்ளைச் செடியின் மேலிருந்து மூன்றாவது இலையின் அடியில், இலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு பச்சை முடிச்சு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு மிளகு அளவு. அது வேரா, பூத்தண்டா என்று சில நாள் தெரியாது. வேர் நுனி உருண்டையாக, ஈரமாக மினுங்கும்; வெளியே வந்ததும் கீழே திரும்பப் பார்க்கும், பின்னால் வெள்ளி உறை படரும். பூத்தண்டின் நுனி ஒருபக்கமாகத் தட்டையாக, இரண்டு மடல் ஒன்றன் மேல் ஒன்று மூடினாற்போல் இருக்கும்; பளபளப்பு இருக்காது, நிமிர்ந்து ஏறும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த மடல் விளிம்பு நன்றாகத் தெரியும். படம் எடுத்து அனுப்பியதற்கு, "வேர்தான் போலிருக்கிறது, தம்பி" என்றாள் அக்கா. மறுவாரம் அது ஒரு சென்டிமீட்டர் நிமிர்ந்திருந்தது. இளஞ்சிவப்பு அடுத்து விட்டது, மஞ்சள் டிசம்பரில்.

முதல் தண்டு தெரிந்த நாளிலிருந்து சட்டிகளைத் திருப்புவதை நிறுத்தினேன். தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளர்கிறது; திருப்பி வைத்தால் மொட்டுகள் இருபுறமும் முகம் காட்டும். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அதே முகமாகத் திரும்ப வைக்கச் சட்டியில் ஒரு பேனாக் கோடு போட்டுக்கொண்டேன். தண்டு ஒரு சாண் உயர்ந்ததும் மூங்கில் குச்சி நட்டு, பெண்கள் தலையில் போடும் சின்னக் கிளிப்பால் தளர்வாகப் பிடித்தேன். நூலால் கட்டினால் தண்டு தடிக்கும்போது அறுக்கிறது.

வாரம் மூன்று சென்டிமீட்டர்தான் வளர்ந்தது. ஜனவரியில் இரவு வெப்பத்தை 19-க்கு ஏற்றினேன். வாரம் நாலரை ஆனது. தண்டு கிளம்பக் குளிர் போதும், கிளம்பிய தண்டை வளர்ப்பது சூடு. கம்பளி இருந்ததால் மின்சாரச் செலவு மாதம் ஐந்தாறு யூனிட்தான் கூடியது. சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 உரம் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வெள்ளைத் தண்டு 48 சென்டிமீட்டரில் நின்றது.

மொட்டுக் கட்டிய பிறகு கவனம் எல்லாம் ஈரப்பதத்தில். 50-க்குக் கீழே போனால் மொட்டு உதிரும். 80-க்கு மேல் நின்றால் விரிந்த இதழில் ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் விழும், குளிரில் வரும் சாம்பல் பூஞ்சை அது. மூடுபனி நாளில் கூழாங்கல் தட்டை எடுத்துவிடுவேன், வெயில் நாளில் வைப்பேன். விசிறி நிற்கவே கூடாது. வாழைத்தார் இந்தப் பொங்கலுக்கு விறகுக் கொட்டகையில் தொங்கியது.

மார்ச் நடுவில் முதல் பூ. விரியும் முன்பு மொட்டு இரண்டு நாள் வெண்ணெய் நிறமாகி, ஓரத்தில் ஒரு பிளவு விடும். காலையில் மேல் இதழ் மட்டும் விலகியிருந்தது. மாலைக்குள் பக்கத்து இதழ்கள் இரண்டும் தட்டையாக விரிந்து, நடுவே மஞ்சள் புள்ளியிட்ட உதடு தெரிந்தது. இந்தக் குளிரில் பூ நீண்ட நாள் நிற்கும், இரண்டரை மாதமாவது எதிர்பார்க்கிறேன்.

அடுத்த முறைக்கு மூன்று மாற்றங்கள் செய்யப் போகிறேன். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சட்டம் அடித்துப் பொருத்துவேன். நடுவில் இரண்டு விரல் காற்று இடைவெளி இருந்தால் கம்பளி இல்லாமலே சூடு நிற்கும் என்று கணக்கு. செடிகளை செப்டம்பர் கடைசிக்குப் பதில் முதல் வாரத்திலேயே மேலே கொண்டுவருவேன், அப்போதுதான் மொட்டு வளரும் காலம் ஜனவரியின் கடுங்குளிரில் சிக்காது. ஊதாச் செடியை இந்த மே மாதம் இறக்கினால் இரண்டு கோடைக்கு அக்கா வீட்டிலேயே விடுவேன். ஐந்து இலையாவது வராமல் அதை மலை ஏற்றுவதில் பயனில்லை. மற்ற மூன்றும் பூ உதிர்ந்த பிறகு, தண்டை அடியோடு வெட்டி, வழக்கம்போல் காய்ந்த கலவையோடு பெட்டியில் ஏறும். பூ ஜூன் வரை நின்றால் ஜூனில் இறங்கும்.